மீண்டு வந்த மாணவரும் பல்கலைக் கழகமும்

பல்கலைக் கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் நூலகங்களையும், ஆய்வுக்கூடங்களையும், அங்குப் பயின்று புகழ் எய்தியோரையும் பற்றி விரித்துரைப்பர். பட்டம் பெறாமல் இடையில் வெளியேறியோரைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் மிகச் சில. அவ்வாறு வெளியேறியோருள் குடிக்கும் போதைப் பொருளுக்கும் ஆட்பட்டுச் சென்றவர் எத்தனை பேர் என்பதைக் கல்லூரிப் பதிவேடுகளிலிருந்து அறிதல் அரிது. 'உடல்நலக் குறைவு', 'குடும்பச் சூழ்நிலை' என்னும் சொற்றொடர்களுக்குள் அவர்கள் மறைந்துவிடுகின்றனர். அவர்களினும் அரிதாகப் பேசப்படுவோர், அப்பழக்கத்தை விட்டொழித்துவிட்டுப் படிப்பைத் தொடர வேண்டும் என்று திரும்பி வந்தோர் ஆவர். திரும்பி வந்தவரைப் பல்கலைக் கழகங்கள் எவ்வாறு வரவேற்றன, அல்லது வரவேற்க மறுத்தன என்பதை இன்று நாம் காண்போம்.

இவ்வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. ஆயினும் அது நமக்கு அயலானதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொலைவிலுள்ள விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் இத்துன்பம் நேருங்கால், ஆறுதல் கூறப் பாட்டியும் பெரியப்பாவும் அத்தையும் பக்கத்தில் இல்லை. 'ஊரில் தெரிந்துவிடுமோ' என்னும் அச்சம் மட்டும் ஆயிரம் கல் கடந்து உடன் வந்திருக்கிறது. மகன் சிகிச்சை பெற்று வீடு திரும்பியபின், 'மறுபடியும் அதே விடுதிக்கா அனுப்புவது?' என்று தாய் கேட்கிறாள். அக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களின் கதையே இது.

முதலில் ஒரு மாணவரைப் பற்றிக் கூறுவோம். ராபர்ட் ஸ்மித் என்பார் 1879ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மாநிலத்தில், கண்டிப்பு மிக்க நீதிபதி ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். 1902இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் அவர் கற்றுக்கொண்டவற்றுள் குடியும் ஒன்று. சில ஆண்டுகள் வேறு அலுவல்கள் பார்த்தபின், மருத்துவம் பயில மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கை நடுக்கத்தோடு வகுப்புக்குச் செல்வதும், ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை கூற இயலாது என்று அஞ்சி வாயிற்படியிலிருந்தே திரும்பிவிடுவதும் வழக்கமாயின. இரண்டாம் ஆண்டின் இடையில் படிப்பே வேண்டா என்று ஊரை விட்டுச் சென்றார். பின்னர் மனம் மாறித் திரும்பினார். பல்கலைக் கழகத்தார் அவரைத் தேர்வு எழுத விட்டனர். அவர் தேறினார். தேறியவுடன், 'இனி வேறு இடம் பார்த்துக்கொள்க' என்று அனுப்பிவிட்டனர்.

சிகாகோ நகரத்து ரஷ் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே நிலைமை இன்னும் கெட்டது. தந்தையார் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து மகனைத் திருத்த முயன்று பயன் காணாது திரும்பினார். இறுதித் தேர்வில் பேனாவைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியமையால், ஸ்மித் விடைத்தாள்களை ஓர் எழுத்தும் எழுதாமல் ஒப்படைத்தார். கல்லூரியார் ஒரு நிபந்தனை விதித்தனர்: இன்னும் இரண்டு பருவங்கள் படிக்க வேண்டும், அக்காலம் முழுவதும் ஒரு துளி மதுவும் தொடலாகாது. அவர் அதனை நிறைவேற்றி, 1910இல் மருத்துவராக வெளிவந்தார்.

இக்கதையில் நாம் கருதற்குரியது ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிக்கு ஆட்பட்ட மாணவனைக் குறித்துப் பல்கலைக் கழகம் அறிந்திருந்த வழிகள் இரண்டே. ஒன்று வெளியேற்றுதல், மற்றொன்று நிபந்தனையோடு மன்னித்தல். மிச்சிகன் முதல் வழியை மேற்கொண்டது. ரஷ் கல்லூரி இரண்டாம் வழியை மேற்கொண்டது. இரண்டாவது வழி முதலாவதினும் மேலானது என்பதில் ஐயமில்லை. அது ஒரு மருத்துவரை உலகுக்கு அளித்தது. ஆனால், 'குடியாதே' என்று கட்டளையிட்ட கல்லூரி, குடியாமல் இருப்பது எப்படி என்பதைச் சொல்லவில்லை. நிபந்தனைக் காலம் முடிந்தது. பயிற்சி மருத்துவராக ஓய்வின்றி உழைத்த 2 ஆண்டுகளும் முடிந்தன. சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கியவுடன் பழைய பழக்கம் மீண்டும் பற்றிக்கொண்டது. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் அதிலேயே உழன்றார்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், நியூயார்க்கிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்திருந்த பில் வில்சன் என்பவரை அவர் சந்தித்தார். வில்சனும் முன்பு பெருங்குடியர். சில மாதங்களாகக் குடியாதிருந்தவர். கால் மணி நேரம் மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடலாம் என்று எண்ணிச் சென்ற ஸ்மித், பல மணி நேரம் அமர்ந்திருந்தார். வில்சன் அவருக்கு அறிவுரை கூறவில்லை. தம் கதையையே கூறினார். அதே ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஸ்மித் கடைசியாக மது அருந்தினார். அந்நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கத்தின் தோற்ற நாளாகக் கொள்வர். பின்னர் இக்னேஷியா என்னும் கன்னிகாஸ்திரியின் துணையோடு ஆக்ரனில் உள்ள புனித தாமஸ் மருத்துவமனையில் சுமார் 5,000 குடிநோயாளருக்கு அவர் மருத்துவம் செய்தார். 1950இல் மறைந்தார்.

மீண்டவனே மீளாதவனுக்கு நல்ல துணை என்னும் கருத்து 1935இல் புதிதாகத் தோன்றியதும் அன்று. 1840ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் அமர்ந்திருந்த குடியர் ஆறு பேர், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்துகொண்டு 'வாஷிங்டன்' பெயரால் ஒரு சங்கம் கண்டனர். 1842 பிப்ரவரி 22இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அச்சங்கத்தின் கிளையில் உரையாற்றிய இளம் வழக்கறிஞர் ஒருவர், குடியரை இகழ்ந்துரைக்கும் பிரசாரகரைக் காட்டிலும், குடியை விட்டவரின் சொல்லே குடிப்பவன் நெஞ்சில் புகும் என்று வாதிட்டார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அப்போது அவருக்கு வயது 33. அச்சங்கம் தீப்போல் பரவி, சில ஆண்டுகளிலேயே தணிந்தும் போயிற்று.

இனிப் பல்கலைக் கழகத்துக்கு வருவோம். அது முதலில் குடியை ஆராய்ச்சிப் பொருளாகவே அணுகியது. யேல் பல்கலைக் கழகத்தில் 1943இல் மதுவைப் பற்றிய கோடைக்காலப் பள்ளி தொடங்கிற்று. ஜெல்லினெக் என்னும் அறிஞர் அதனை முன்னின்று நடத்தினார். 1953இல் ஸ்ட்ராஸ், பேக்கன் என்னும் யேல் அறிஞர் இருவர் 27 கல்லூரிகளின் மாணவரிடையே நடத்திய ஆய்வை நூலாக வெளியிட்டனர். பலர் கல்லூரிக்கு வருமுன்னரே மதுவைச் சுவைத்திருந்தனர் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. 'கல்லூரிதான் கெடுத்தது' என்று வீடும், 'வீடுதான் கெடுத்தது' என்று கல்லூரியும் கூறிக்கொள்ளும் வழக்கு அங்கும் உண்டு போலும். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்கத்தை மருத்துவமனைகள் ஏற்று நடத்த வேண்டிய நோய் என்று அறிவித்தது. 1962இல் அந்த யேல் ஆராய்ச்சி நிலையம் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்துக்கு இடம் பெயர்ந்தது. இப்பெயரை நேயர்கள் நினைவில் கொள்க.

ஆராய்ச்சி வளர்ந்ததே ஒழிய, ஆராயப்பட்ட மாணவனுக்கு உதவி எட்ட இன்னும் காலம் ஆயிற்று. 1970களில் இரு மாறுதல்கள் நேர்ந்தன. வாக்குரிமை வயது 1971இல் 18 ஆகக் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன; 1984இல்தான் அதனை 21 ஆக உயர்த்த மைய அரசு சட்டம் செய்தது. மற்றொரு புறம், முன்பு நடு வயதினரையே கண்டிருந்த சிகிச்சை நிலையங்களுக்கு இளைஞர்கள் வரத் தொடங்கினர். 17, 18 வயதிலேயே நோயுற்று, சிகிச்சை பெற்று, தெளிவடைந்து, இனிப் படிக்க வேண்டும் என்று நிற்கும் ஒரு புதுக் கூட்டம் தோன்றியது. குடிக்காத இளைஞன் ஒருவன் குடியே கொண்டாட்டமாக இருக்கும் விடுதிக்குள் செல்வது எவ்வாறு? நோய் தீர்ந்த கண்ணனைப் புகை சூழ்ந்த அறையில் இருத்தி வாசிக்கச் சொல்வது போன்றது அது.

முதல் அடியை எடுத்து வைத்தது பிரௌன் பல்கலைக் கழகம். 1977இல் அது புரூஸ் டோனவன் என்னும் பேராசிரியரை, குடியாலும் போதைப் பொருளாலும் அல்லற்படுவோரைக் கவனிக்கும் தனிப் பொறுப்போடு துணை டீனாக அமர்த்தியது. அவர் மருத்துவர் அல்லர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். இந்நியமனத்தை நாம் மிக நுட்பமானதாகக் கருதுகிறோம். மாணவன் மருத்துவரிடம் சென்றால் நோயாளி. ஒழுங்குக் குழுவின் முன் சென்றால் குற்றவாளி. ஆசிரியர் ஒருவரின் அறைக்கதவைத் தட்டினாலோ அவன் மாணவனாகவே இருக்கிறான். மேலும், டீன் பதவியில் இருப்பவர் தேர்வைத் தள்ளிவைக்கவும், விடுப்பு அளிக்கவும், திரும்பி வருவோனுக்கு இடம் ஒதுக்கவும் பரிந்துரைக்க வல்லவர்.

ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில் 1983ஆம் ஆண்டு மாணவருக்கான மது, போதைப் பொருள் உதவித் திட்டம் ஒன்று தோன்றியது. அதனை உருவாக்கி நெடுங்காலம் நடத்தியவர் லிசா லேட்மன் என்னும் அம்மையார். சிகிச்சைக்குச் சென்று திரும்பிய மாணவர் பழைய அறைக்கே மீள்வதையும், மீண்டபின் வழுக்கி விழுவதையும் கண்டு, 1988இல் அவர்களுக்கென்றே வளாகத்துக்குள் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. பல்கலைக் கழக வளாகத்தில் இத்தகைய இல்லம் அமைந்தது அதுவே முதன்முறை என்பர். அங்குத் தங்குவோர் மதுவும் போதைப் பொருளும் தொடாது சில காலம் கழித்தவராயிருத்தல் வேண்டும். தம்மைப் போன்றோரின் கூட்டங்களுக்குத் தவறாது செல்லுதல் வேண்டும். ஆலோசகரைக் காண வேண்டும். மற்றபடி அது மாணவர் விடுதியே. சமையல் உண்டு, அரட்டை உண்டு, நள்ளிரவுப் படிப்பும் உண்டு. 'மருத்துவமனையின் கிளை' என்று அதனை எண்ணுதல் பிழை. பிறர் சுட்டிக் காட்டும்படி அவ்வில்லத்தை விளம்பரப்படுத்தாமல் காத்ததும் அதன் சிறப்புகளுள் ஒன்று.

ரட்கர்ஸின் முயற்சிக்கு ஏறத்தாழ அதே காலத்தில், 1986இல், டெக்சஸ் மாநிலத்து லப்பக் நகரில் டெக்சஸ் டெக் பல்கலைக் கழகம் வேறொரு வழியை வகுத்தது. கார்ல் ஆண்டர்சன் என்னும் பேராசிரியர் அங்கே மீட்சி பெற்ற மாணவரை ஒரு சமூகமாகத் திரட்டினார். அவர்களுக்கென ஒரு கூடம், வாரந்தோறும் கருத்தரங்கு, ஒருவர் படிப்பில் மற்றவர் துணை என ஏற்பாடுகள் அமைந்தன. இவற்றினும் குறிப்பிடத்தக்கது, அவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. குடியை விட்டவனுக்கு உபகாரச் சம்பளமா என்று முகம் சுளிப்போர் எங்கும் இருப்பர். ஆனால் சிகிச்சைச் செலவில் குடும்பம் நலிந்திருக்கும். பழைய மதிப்பெண்கள் பாழாயிருக்கும். வேறு எந்த உதவித்தொகைக்கும் அவன் விண்ணப்பிக்க இயலாது. பிறர் தகுதியின்மை என்று கண்டதை அப்பல்கலைக் கழகம் தகுதியாகக் கண்டது. பிற்காலத்தில் மைய அரசின் நிதி பெற்று, ஏனைய கல்லூரிகள் பின்பற்றுதற்குரிய பாடத்திட்டத்தையும் அது வகுத்து வழங்கியது. மின்னசோட்டா மாநிலத்து ஆக்ஸ்பர்க் கல்லூரி 1997இல் தன் இல்லத்தைத் தொடங்கியது. 2010இல் இவ்வமைப்புகளெல்லாம் ஒரு சங்கமாக இணைந்தன. 2015இல் நியூ ஜெர்சி மாநிலம் ஒரு சட்டமே செய்தது: மாணவரில் கால் பங்குக்குக் குறையாதோர் வளாகத்தில் வாழும் அரசுக் கல்லூரிகள், மீட்சி பெற்றோர்க்கான விடுதி வசதியை 4 ஆண்டுகளுக்குள் அமைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இவற்றால் பயன் விளைந்ததா? 29 கல்லூரிகளைச் சார்ந்த 486 மாணவரிடம் கேட்டறிந்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களின் சராசரி வயது 26. இந்த ஏற்பாடு இல்லையெனில் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டோம் என்று மூன்றில் ஒருவர் கூறினர். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வில்லங்களில் சேர்வோர் ஏற்கெனவே உறுதி பூண்டவர்கள். சேராதாரோடு அவர்களை நேர்ப்பட ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. ஆகவே மிகைப்படுத்திப் பாராட்ட நாம் முற்படவில்லை. வேறொரு சர்ச்சையும் எழுந்தது. அபின் வகைப் போதைக்கு ஆட்பட்டோர் பியூப்ரநார்ஃபின் முதலிய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் நெடுநாள் உட்கொள்வதுண்டு. 'மருந்து உண்பவன் தெளிவடைந்தவன் ஆவானா?' என்று பழைய முறையினர் சிலர் தயங்கினர். அம்மருந்துகள் சாவைக் குறைக்கின்றன என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டிருத்தலின், இத்தயக்கத்துக்கு இடமில்லை என்பதே நம் கருத்து.

நம் நாட்டு நிலையைக் காண்போம். பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம் 1957இல், அன்று பம்பாய் என வழங்கிய மும்பையில் கால்கொண்டது. சென்னையில் நிகழ்ந்தது தனிக் கதை. டி. டி. ரங்கநாதன் என்பார் குடிநோயால் இளமையிலேயே மறைந்தார். அவர் துணைவியார் சாந்தி ரங்கநாதன் துயரோடு அடங்கிவிடவில்லை. சமூகப் பணி பயின்று, மின்னசோட்டாவில் 1949 முதல் நடந்துவரும் ஹேசல்டன் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று பயிற்சி பெற்று, 1980இல் கணவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். நோயாளிக்கு மட்டுமன்றி, அவருடைய மனைவிக்கும் பெற்றோருக்கும் உடன் ஆலோசனை கூறுவது அந்நிலையத்தின் முறை. 1992இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. புனேயில் அனிதா, அனில் அவசட் தம்பதியர் 1986இல் முக்தாங்கண் என்னும் இல்லத்தைத் தொடங்கினர். மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே அதற்குப் பொருளுதவி புரிந்தார். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும், தில்லியை அடுத்த காஸியாபாத்தில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மையத்திலும் அரசு சார்ந்த சிகிச்சை கிடைக்கிறது. ஆகவே வெளிமாநிலத்துத் தமிழர் சிகிச்சையின் பொருட்டுச் சென்னைக்கே வர வேண்டும் என்பதில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிறார் நலன் கருதித் தொடரப்பட்ட வழக்கொன்றில், போதைப் பொருள் பயன்பாடு குறித்து நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்துமாறு பணித்தது. 2019இல் வெளியிடப்பட்ட அறிக்கை, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிப் பேர்க்கு உதவி தேவை என்றும் கணித்தது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகின்றனர் என்பது அவ்வறிக்கையின் துயரமான செய்தி. எஞ்சிய 37 பேர் எங்கே? செலவு ஒரு தடை. தொலைவு ஒரு தடை. வெட்கம் யாவற்றினும் பெருந்தடை.

பெற்றோர் அஞ்சுவது சட்டத்துக்கும் அன்றோ? 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில் பின்னர் 64-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிறு அளவு போதைப் பொருள் தொடர்பான குற்றத்துக்கோ, அதனை உட்கொண்ட குற்றத்துக்கோ ஆளான ஒருவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுவாராயின் அவர் மீது வழக்கு நடவாது என்பது அதன் கருத்து. சிகிச்சையை முடிக்காமல் இடையில் விட்டால் அப்பாதுகாப்பு நீங்கக்கூடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருளால் விளையும் மனக்கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டது. சில விலக்குகள் நீங்கலாக, சிகிச்சை பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்கும் கடமையையும் அது விதித்தது. கல்லூரி முதல்வரிடமோ, அண்டை வீட்டாரிடமோ மருத்துவமனை தானே சென்று கூறிவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் சிகிச்சைக்குப் பின்? அங்கேதான் நம் கல்விக்கூடங்களில் இடைவெளி இருக்கிறது. போதை எதிர்ப்புப் பேரணிகளும் உறுதிமொழிகளும் நிறைய நடைபெறுகின்றன. அவை இன்னும் தொடாதவனைத் தடுக்கும் நோக்கின. தொட்டு, வீழ்ந்து, எழுந்தவனுக்கு அவற்றில் இடமில்லை. பேரணியில் அவன் தலைகுனிந்து நடக்க நேரும். ரட்கர்ஸில் அமைந்தது போன்ற இல்லம் இங்கே வழக்கமாகவில்லை. எனினும் இல்லம் கட்டும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பிரௌன் செய்தது ஒரு நியமனம் மட்டுமே. அதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை. திரும்பி வரும் மாணவனுக்கு விடுதியில் வேறு அறை ஒதுக்குதல், அவன் வாரம் ஒரு முறை ஆலோசகரிடமோ கூட்டத்துக்கோ சென்று வர அனுமதித்தல், இழந்த பருவத்தைத் தண்டனையாகக் கருதாது மீண்டும் எழுத விடுதல், ஓர் ஆசிரியர் அவனுடைய கதையை அறிந்தவராயும் பிறரிடம் கூறாதவராயும் இருத்தல் ஆகியவை எந்தக் கல்லூரியும் செய்யக் கூடியவை.

பெற்றோரும் இவற்றைக் கல்லூரியாரிடம் கேட்கலாம். கேட்குமுன் மகனிடமோ மகளிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று. யாரிடம் எவ்வளவு கூறலாம் என்பது அவர்களின் உரிமை. மீண்டும் ஒரு முறை வழுக்கினால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்னும் அச்சுறுத்தலை விடுத்து, வழுக்கினால் யாரை அழைப்பது, எங்கே செல்வது என்பதை முன்கூட்டியே இருவருமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். மது, போதைப் பொருள் தொடர்பான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கென 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அங்கு 20 மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. இந்தியிலோ வங்காளியிலோ தம் மனத்துயரைச் சொல்லத் திணறும் தாயோ தந்தையோ, அழைத்தவுடன் தமிழைத் தேர்ந்துகொண்டு பேசலாம்.